பழைய மருந்துகளும் புற்றுநோய்க் கட்டியின் இரத்தக் குழாய்களும்

புற்றுநோய்க் கட்டி வளர்வதற்கு ஊட்டச் சத்தும் பிராணவாயுவும் தேவை. இவற்றை வழங்குவது இரத்தம். கட்டி ஓரிரு மில்லிமீட்டர் அளவைத் தாண்ட வேண்டுமாயின், அருகிலுள்ள இரத்தக் குழாய்களிலிருந்து புதிய கிளைகள் அதனை நோக்கி வளர வேண்டும். இக்கிளைகளைத் தூண்டும் புரதங்களைக் கட்டியே சுரக்கிறது. அவற்றைத் தடுத்தால் கட்டியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தலாம் என்ற கருத்தை அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-இல் வெளியிட்டார்.

இந்நோக்கத்துடன் உருவாக்கப்பட்ட பெவாசிசுமாப் என்ற மருந்துக்கு 2004-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. ஆயினும், வேறு நோய்களுக்கென வழங்கப்பட்டுவந்த சில மருந்துகளுக்கும் இரத்தக் குழாய் வளர்ச்சியைப் பாதிக்கும் தன்மை உண்டு என்பது பின்னர்த் தெரியவந்தது.

தாலிடோமைடு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்த இதனைக் கருவுற்ற பெண்கள் உட்கொண்டதால், ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை, கால் குறைபாடுகளுடன் பிறந்தன. 1961-இல் அங்கு இம்மருந்து விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. அது புதிய இரத்தக் குழாய்கள் தோன்றுவதைத் தடுக்கிறது என்று 1994-இல் ஃபோக்மனின் ஆய்வுக்கூடம் கண்டறிந்தது. 2006-இல் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் வகை ஒன்றிற்கு, வேறொரு மருந்துடன் சேர்த்து வழங்க அமெரிக்கா அனுமதித்தது. இந்நோயில் அது வேறு வழிகளிலும் செயற்படுகிறது.

மும்பை ஆய்வு

நம் நாட்டின் அனுபவமும் குறிப்பிடத்தக்கது. மூட்டு நோய்களுக்கும் பயன்படும் மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப் ஆகிய இரு மாத்திரைகளையும் குறைந்த அளவில் தொடர்ந்து கொடுக்கும் முறையை மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை ஆராய்ந்தது. குழாய் வளர்ச்சியை ஒடுக்குவது இம்முறையின் நோக்கங்களுள் ஒன்று. குணப்படுத்த இயலாத நிலையிலிருந்த தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 422 பேர் ஆய்வில் பங்கேற்றனர். 2020-இல் வெளியான முடிவின்படி, ஊசிவழி சிஸ்பிளாட்டின் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 6.1 மாதங்கள், மாத்திரை பெற்றவர்களுக்கு 7.5 மாதங்கள். கடுமையான பக்க விளைவுகளும் மாத்திரை பெற்றவர்களிடையே குறைவு. ஆதாயம் சிறிதே எனினும், செலவும் குறைவு என்பதை நோக்க வேண்டும்.

எச்சரிக்கையும் தேவை

ஆய்வின்றி இம்மருந்துகளைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்துவது தவறு. பெருங்குடல் கழலைத் தடுப்பு ஆய்வொன்றில் இருதயக் கோளாறுகள் மிகுந்ததால், 2004-இல் செலிகாக்சிப் வழங்குவது நிறுத்தப்பட்டது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் குறைந்த அளவில் குழாய் வளர்ச்சியைத் தூண்டுவதும், மிகுந்த அளவில் ஒடுக்குவதும் விலங்குச் சோதனைகளில் காணப்பட்டன. அளவு மாறினால் விளைவே மாறக்கூடும்.

காப்புரிமைக் காலம் முடிந்த மருந்துக்குப் புதிய பயனைக் கண்டறிய ஒரு நிறுவனம் பெரும்பணம் செலவிட்டாலும், அதே மருந்தைத் தயாரிக்கும் போட்டியாளர் அனைவரும் பலன் பெறுவர். எனவே தனியார் முதலீடு இத்துறையில் தயங்குவது இயல்பே. ஆய்வின் பயன் சமுதாயம் முழுவதற்கும் உரியது. ஆதலின் அதன் செலவைப் பொதுநிதி ஏற்பதே பொருத்தமாகும்.