தராசுக்குள்ளே ஒரு 'சிப்'!
அமெரிக்க வேலையை விட்டு சென்னை திரும்பிய என்ஜினீயர்

மரக்காணம் உப்பளத்தில் கடல் தண்ணீரைப் பாத்தியில் விடும்போது அதன் அடர்த்தி சுமார் மூன்றரை 'டிகிரி'. கண்ணாடி மிதவையைப் போட்டுப் பார்த்தால் தெரியும். வெயில் ஏற ஏற அது 10, 15, 20 என்று ஏறும். 25-ஐத் தொட்டால் உப்பு விளையும். 29-ஐத் தாண்டிய தண்ணீரை வெளியேற்றாமல் விட்டால் போச்சு, உப்பில் கசப்பு ஏறிவிடும்!

தண்ணீர் 24-ல் இருந்து 25-க்குத் தாவுவது இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறுகிறது. ஆனால் கணக்கு நோட்டில் '25' என்று ஒரு எண்ணைத்தான் எழுத முடியும்.

பாத்தியில் இருப்பது 'அனலாக்'. நோட்டில் இருப்பது 'டிஜிட்டல்'. இரண்டுக்கும் நடுவே நின்று மொழிபெயர்ப்பதுதான் 'மிக்ஸ்டு சிக்னல்' சிப். அதை வடிவமைப்பவர் எலக்ட்ரிக்கல் என்ஜினீயர்.

கடைத் தராசு

அதே உப்பு மளிகைக் கடைக்கு வந்ததும் எலக்ட்ரானிக் தராசில் ஏறுகிறது. தட்டுக்கு அடியில் ஓர் அலுமினியக் கட்டை. எடை வைத்ததும் அது கண்ணுக்குத் தெரியாமல் வளையும். அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய உலோகத் தகட்டின் மின்தடை மாறும். முழுசாக 30 கிலோ வைத்தாலும் கிடைப்பது சுமார் 10 மில்லிவோல்ட்தான்!

5 கிராம் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் அதை 6 ஆயிரம் கூறு போட வேண்டும். ஒரு கூறு என்பது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. அது பிசகினால் நஷ்டம் கடைக்காரருக்கு, இல்லாவிட்டால் உங்களுக்கு.

இதிலே இன்னொரு தொல்லை. கணக்குப் போடும் டிஜிட்டல் பகுதியும் அதே சிப்பில்தான் இருக்கிறது. விநாடிக்குப் பல ஆயிரம் தடவை, சிலதில் பல கோடி தடவை துடிக்கிறது. தொட்டில் குழந்தைக்குப் பக்கத்திலே மாவு மிஷினை ஓட்டுகிற மாதிரி! குழந்தை முழிக்கக் கூடாது.

சில்லறை பாக்கி

இதற்கு 'டெல்டா-சிக்மா' என்று ஒரு வழி. நம் கடைக்காரர்களுக்குத் தெரிந்த வித்தைதான். பில் 12 ரூபாய் 40 காசு. 12 ரூபாய் வாங்கிக்கொண்டு 40 காசை மனசில் வைக்கிறார். அடுத்த பில்லும் அதே 12.40. பாக்கி 80 காசு ஆகிறது. இந்தத் தடவை 13 வாங்கிக்கொள்கிறார். 20 காசு வாடிக்கையாளர் பக்கம் நிற்கிறது. ஒவ்வொரு பில்லும் தப்பு. மாதக் கணக்கு சரி!

சிப்பும் தோராயமாக அளக்கும். பிசகை அடுத்த அளவில் சேர்க்கும். கடைசியில் சராசரி எடுக்கும்.

சாந்தி பவன்

இந்த வித்தையில் உலகம் மதிக்கும் ஒருவர் சென்னையில் இருக்கிறார். பெயர் சாந்தி பவன். ஓட்டல் பெயர் அல்ல, பேராசிரியர் பெயர்! 1995-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். முடித்தார். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1999-ல் டாக்டர் பட்டம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், பிறகு கலிபோர்னியாவில் ஒரு கம்பெனி என்று அமெரிக்காவில் வேலை.

2002-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, படித்த ஐ.ஐ.டி.க்கே பாடம் சொல்ல வந்துவிட்டார். 2012-ல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது கிடைத்தது. ரிச்சர்ட் ஷ்ரையர், கேபர் டெமஸ் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய டெல்டா-சிக்மா புத்தகம் 2017-ல் வெளிவந்தது.

அவசரக்காரர்களுக்கு அல்ல

இந்த வேலை அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது. சாப்ட்வேர் என்றால் தப்பை மறுநாளே திருத்தலாம். சிப் அப்படி அல்ல. வரைபடம் தொழிற்சாலைக்குப் போய், சிப்பாகக் கைக்கு வர மாதக்கணக்கு ஆகும். தப்பு என்றால் மறுபடியும் பணம், மறுபடியும் மாதங்கள். அதனால்தான் புதிதாக வருகிறவர் கையில் முழுச் சிப்பையும் யாரும் தூக்கிக் கொடுப்பது இல்லை.

வேலைக்குக் கடல் தாண்ட வேண்டும் என்பதும் பழைய கதை. பெங்களூரில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-லேயே கடை விரித்துவிட்டது.

மரக்காணத்துப் பிள்ளைகளுக்குத் திண்டிவனத்திலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் என்ஜினீயரிங் கல்லூரி இருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் படித்து, மேல்படிப்பும் முடித்தால் இந்தப் பக்கம் வரலாம். சாந்தி பவன் நடத்திய பாடங்கள் 'என்.பி.டெல்.' வீடியோவாக யூடியூப்பில் இருக்கின்றன. இங்கிலீஷில்தான் பேசுகிறார். கேட்க காசு கிடையாது.