வருடத்தில் ஏழு நாள் விடுமுறை. கட்டணமோ 25 வருடம்!

பொருட்காட்சிக்குக் குடும்பத்துடன் போகிறோம். வாசலில் நிற்கும் இளைஞர் ஒரு சீட்டைக் கொடுத்துப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிப் பெட்டியில் போடச் சொல்கிறார். நான்கு நாள் கழித்து அழைப்பு வருகிறது. "சார், குலுக்கலில் உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது. கணவன், மனைவி இருவரும் சேர்ந்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்" என்கிறார்கள். போனால் குளிரூட்டிய ஓட்டல் கூடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்து ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, கோவா என்று படம் காட்டுகிறார்கள். "இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி, நாளைக்கு இந்த விலை கிடையாது" என்று முடிக்கிறார்கள்.

ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்குவதென்றால் கையில் அள்ளிப் பார்த்து, நான்கு மண்டியில் விலை விசாரிக்கிறவர்கள் நாம். சில லட்ச ரூபாய் ஒப்பந்தத்தில் மட்டும் காபி ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். இதற்குத்தான் 'டைம் ஷேர்' என்று பெயர். நம் வணிகர்களில் பலர் இதில் உறுப்பினர்கள். விடுமுறையை நன்றாக அனுபவித்தவர்களும் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் வரும் பராமரிப்புக் கட்டண நோட்டீசைப் பார்த்துப் புழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது வகையினரின் குறை என்ன, அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம்.

யோசனை நல்லதுதான்

ஒரு மலைவாசஸ்தலத்தில் சொந்த வீடு கட்டினால் வருடத்தில் ஐம்பது வாரம் பூட்டித்தான் கிடக்கும். அதே வீட்டை ஐம்பது குடும்பங்கள் ஆளுக்கு ஒரு வாரம் என்று பங்கு போட்டுக்கொண்டால் ஒருவருக்கு ஆகும் செலவு ஐம்பதில் ஒன்று. இந்த எண்ணம் 1960-களில் ஐரோப்பாவில் பிறந்தது. சுவிட்சர்லாந்தில் ஹாப்பிமாக் நிறுவனம் 1963-ல் தொடங்கியது. 1970-களில் அமெரிக்காவில் பரவியது. ஓர் ஊரில் உள்ள வாரத்தைக் கொடுத்து வேறு ஊரில் வாரம் பெறும் பரிமாற்ற நிறுவனமான ஆர்.சி.ஐ. 1974-ல் அங்கே ஏற்பட்டது. நம் நாட்டில் சென்னையிலிருந்து ஸ்டெர்லிங் ஹாலிடே ரிசார்ட்ஸ் 1986-ல் தொடங்கியது. மகிந்திரா குழுமத்தின் கிளப் மகிந்திரா 1996-ல் வந்தது. 1990-களில் இன்னும் பல சிறிய நிறுவனங்கள் கிளம்பின. அறை கட்டி முடிப்பதற்கு முன்பே வாரங்களை விற்றுவிட்டு, பிறகு கட்டிடமும் இல்லாமல் பணமும் இல்லாமல் போனவையும் அவற்றில் உண்டு.

பத்திரம் எங்கே?

வணிகர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. அமெரிக்காவில் பல ரிசார்ட்டுகளில் வாரத்துக்கே கிரயப் பத்திரம் பதிவு செய்து கொடுப்பது உண்டு. இங்கே நாம் பெரும்பாலும் வாங்குவது, குறிப்பிட்ட வருடங்களுக்கு வருடம் இத்தனை நாள் தங்கிக்கொள்ளும் உரிமை மட்டுமே. நிலத்தில் ஒரு சதுர அடியும் நம் பெயரில் வராது. பட்டா இல்லை, பத்திரப் பதிவும் இல்லை. 25 வருடம் முடிந்தால் உரிமையும் முடிந்தது. "சொத்து வாங்கியிருக்கிறேன்" என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறோம். அவசரத்துக்கு அதை வைத்து வங்கியில் கடன் வாங்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தால், அது சொத்தா என்பது தெரிந்துவிடும்.

கட்டணம் ஏன் ஏறுகிறது?

உறுப்பினர் சேரும்போது கட்டும் தொகை ஒரு முறையோடு முடிகிறது, அல்லது தவணையில் தீர்கிறது. பராமரிப்புக் கட்டணம் அப்படியல்ல. நாம் போனாலும் போகாவிட்டாலும் வருடாவருடம் கட்டியாக வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் இதற்குப் பெயர் மாறும். ஆண்டுச் சந்தா என்பார்கள், வசதிக் கட்டணம் என்பார்கள். எந்தப் பெயரில் வந்தாலும் அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு.

மின்சாரம், தண்ணீர், ஆட்கள் சம்பளம், வெள்ளையடிப்பு, மெத்தை மாற்றுவது, லிப்ட், ஜெனரேட்டர், காப்பீடு என்று செலவுகள் இருப்பது உண்மை. அவை ஏறுவதும் உண்மை. கடை வைத்திருக்கிற நமக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலாவது, கட்டணத்தை நிர்ணயிப்பவர் யார்? வணிக வளாகத்தில் கடை எடுத்திருக்கிறோம். பராமரிப்புத் தொகையை ஏற்றினால் கடைக்காரர்கள் கூடிக் கணக்குக் கேட்கிறோம். ரிசார்ட் உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கிறார்கள். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. "நிறுவனம் தன் விருப்பப்படி அவ்வப்போது மாற்றி அமைக்கலாம்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் போதும், உச்சவரம்பு இல்லாமல் போய்விடுகிறது.

இரண்டாவது, நிர்வாகத்துக்கான கூலி. உரிமையாளர் சங்கங்கள் உள்ள அமெரிக்க ரிசார்ட்டுகளில், நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு மொத்தச் செலவில் நூற்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவது வழக்கம். செலவு கூடினால் கூலியும் கூடும். செலவில் கமிஷன் வாங்குகிறவர் செலவைக் குறைப்பாரா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். கட்டிய நிறுவனமே விற்காத வாரங்களுக்கான வாக்குகளையும் கையில் வைத்திருப்பதால், அந்த நிர்வாகத்தை மாற்றுவதும் சுலபமாக இருப்பதில்லை.

மூன்றாவது, கட்டாதவர்களின் பாரம். செலவைப் பங்கு போடும் ரிசார்ட்டில் நூறு பேரில் இருபது பேர் கட்டாமல் நின்றுவிட்டால், அந்தச் செலவும் எண்பது பேர் தலையில்தான் விழும். பாரம் ஏற ஏற இன்னும் பத்துப் பேர் நிற்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்காக, வரி உள்பட 4 லட்ச ரூபாய்க்கு 25 வருட உறுப்பினர் உரிமை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வருடம் ஏழு இரவு. பராமரிப்புக் கட்டணம் வரியுடன் முதல் வருடம் 20,000 ரூபாய்.

அதே 4 லட்சத்தை 7 சதவீத வட்டியில் போட்டு, 25 வருடத்தில் அசலும் வட்டியும் தீரும்படி எடுத்தால் வருடம் சுமார் 34,000 ரூபாய் கைக்கு வரும். ஆகவே விடுமுறையின் உண்மையான அடக்கவிலை 34,000-மும் 20,000-மும் சேர்ந்து 54,000 ரூபாய். ஏழால் வகுத்தால் இரவு ஒன்றுக்கு சுமார் 7,700. சாப்பாடும் பயணமும் தனி. ஒரு வருடம் போக முடியாமல் அந்த நாட்களும் காலாவதியானால் 54,000-மும் வீண். இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் போகிறோம் என்றால் இரவுக்கு 15,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது.

இத்துடன் நிற்கவில்லை. கட்டணம் வருடத்துக்கு 6 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால் 12 வருடத்தில் இரட்டிப்பாகும். 13-வது வருடம் 40,000; 25-வது வருடம் 80,000-க்கும் மேல். 25 வருடத்தில் கட்டும் பராமரிப்புக் கட்டணம் மட்டும் ஏறக்குறைய 11 லட்சம் ஆகிறது. உறுப்பினர் ஆவதற்குக் கொடுத்த 4 லட்சத்தைப் போல் இது இரண்டே முக்கால் மடங்கு! ஓட்டல் வாடகையும் ஏறத்தான் செய்யும். ஆனால் ஓட்டல் பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் வேறு ஓட்டலுக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம்.

வருடம் தவறாமல், பெரிய குடும்பமாக, ஆறு மாதம் முன்பே திட்டமிட்டுப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகலாம். நம் தொழிலில் அப்படிப் போக முடிகிறதா என்பதுதான் கேள்வி.

கடைக்காரருக்குக் கிடைக்காத அறை

பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில். அப்போதுதான் எல்லா உறுப்பினர்களும் அறை கேட்கிறார்கள். மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்பவர்களுக்கு அறை போய்விடுகிறது. தீபாவளி, பொங்கல் என்றால் மளிகைக்காரர் கடையை விட்டு நகரவே முடியாது. நாமோ வியாழக்கிழமை சரக்கு இறங்கியதைப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை புறப்படலாமா?" என்று வீட்டில் கேட்கிறவர்கள். போன் செய்தால் "அறை காலியில்லை" என்பதே பதில். சரி என்று விட்டுவிட்டு, அதே ரிசார்ட்டில் வெளியாள் போலப் பணம் கட்டிக் கேட்டால் அறை இருக்கிறது! இது உறுப்பினர்கள் பலர் சொல்லும் குறை. இதில் சீசன் வகுப்புகளும் உண்டு. மலிவான வகுப்பில் சேர்ந்தவருக்கு மழைக்கால வாரங்களே மிஞ்சும்; மே மாதம் வேண்டுமென்றால் "மேல் வகுப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இன்னும் இவ்வளவு கட்டுங்கள்" என்பார்கள்.

நமக்குத் தெரிந்த அரிசி வியாபாரி ஒருவர் இரண்டு முறை போய் வந்தார். அதன் பிறகு தகப்பனார் படுக்கையில் விழுந்ததால் மூன்று வருடம் போகவில்லை, கட்டணமும் கட்டவில்லை. நான்காம் வருடம் அறை கேட்டபோது, மூன்று வருடப் பாக்கியை வட்டியுடன் கட்டினால்தான் பதிவு என்றார்கள். உறுப்பினர் உரிமையே வேண்டாம், மீதிக் காலத்துக்கான பணத்தைக் கொடுங்கள் என்று கேட்டார். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். திருப்பித் தருவதாக அதில் எங்கும் இல்லை.

வெளிநாட்டுச் சட்டமும் நம் சட்டமும்

இந்த விற்பனை முறையில் உள்ள அவசரத்தை அரசாங்கங்கள் கவனிக்காமல் இல்லை. பிரிட்டன் 1992-ல் சட்டம் போட்டு, கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினால் 14 நாளுக்குள் ரத்து செய்துகொள்ள வழி செய்தது. ஐரோப்பியக் கூட்டமைப்பு 1994-லும் 2008-லும் விதிகள் வகுத்தது. 2008 விதிப்படி அந்த 14 நாளும் முடியும் வரை முன்பணமே வாங்கக் கூடாது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 10 நாள் அவகாசம் உண்டு. ஸ்பெயினில் 1998-ல் சட்டம் போட்டு ஒப்பந்தக் காலத்துக்கு 50 ஆண்டு என்று உச்சவரம்பு வைத்தார்கள். அதன் பிறகும் முடிவுத் தேதியே இல்லாமல் எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்தது. தகப்பன் வாங்கிய வாரத்துக்கு மகனும் பேரனும் கட்டணம் கட்டிக்கொண்டிருக்க வேண்டிய நிலைக்கு அங்கே ஒரு முடிவு வந்தது.

இந்தியாவில் டைம் ஷேருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆனால் நாம் திக்கற்றவர்களும் அல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருதலையான ஒப்பந்தத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று எதிர்க்க அதில் இடம் உண்டு. அந்த வழக்கை மாநில ஆணையத்தில் தொடுக்க வேண்டும். சேவைக் குறைபாட்டுக்கு, கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எங்கிருந்தாலும், நாம் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். "தகராறு வந்தால் மத்தியஸ்தர் மூலம்தான்" என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் அது நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதைத் தடுக்காது என்பதை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்திருக்கிறது. காரணம் எழுந்த இரண்டு வருடத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். "அறையில் தங்காவிட்டால் காலம் முடிந்ததும் பணம் பெருகித் திரும்ப வரும்" என்று சொல்லி விற்றால் அது விடுமுறையே அல்ல. பான்கார்டு கிளப்ஸ் என்ற மும்பை நிறுவனம் விடுதி அறை நாட்கள் என்ற பெயரில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. அது அனுமதி பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று செபி 2014-ல் தடை விதித்தது. 2016-ல் பணத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது. ஆண்டுகள் பல ஆகியும் முதலீட்டாளர்கள் அலைந்ததுதான் கண்ட பலன்.

வணிகர்கள் கவனத்துக்கு

* விற்பனைக் கூட்டம் நடக்கும் அன்று கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்கி வந்து வீட்டில் படியுங்கள். நகல் தர மறுத்தால் அதுவே பதில்.
* கட்டணம் வருடத்துக்கு எவ்வளவு வரை ஏறலாம், போகாத வருடத்தின் நாட்கள் என்ன ஆகும், பாக்கிக்கு வட்டி என்ன, விலகினால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளுக்குள் ரத்து செய்யலாம் – இந்த ஐந்துக்கும் பதில் எழுத்தில் இருக்க வேண்டும். விற்பனையாளரின் வாய்ச்சொல் கணக்கில் சேராது.
* கடையின் பெயரில் வாங்காதீர்கள். சொந்த விடுமுறைக்கான செலவைக் கடைச் செலவாகக் காட்ட முடியாது, அதன் ஜி.எஸ்.டி.க்கு உள்ளீட்டு வரி வரவும் கிடையாது. பின்னால் வழக்கு வந்தால் "இது வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோர் அல்ல" என்று வாதாடவும் எதிர்த்தரப்புக்கு இடம் கொடுத்தது போலாகும்.
* ஏற்கனவே உறுப்பினராக உள்ளவர்கள் அறை கேட்ட ஒவ்வொரு முறையும் எழுத்து மூலமாகவே கேளுங்கள். "காலியில்லை" என்ற பதிலையும் தேதியுடன் சேர்த்து வையுங்கள். நாளைக்கு அதுதான் சாட்சி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முதலில் புகாரைப் பதிவு செய்யலாம்.
* கட்டணத்தைப் பேசாமல் நிறுத்திவிடாதீர்கள். பாக்கி வட்டியோடு வளரும். குறையை எழுத்தில் தெரிவித்து, வழக்கறிஞரைக் கலந்துகொண்டு முடிவெடுங்கள்.
* "உங்கள் உறுப்பினர் உரிமையை நல்ல விலைக்கு விற்றுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று போன் வந்தால் கட்டாதீர்கள். வாங்கி ஏமாந்தவர்களைத் தேடிப் பிடித்து இரண்டாம் முறை ஏமாற்றும் கூட்டம் உலகமெங்கும் இருக்கிறது.

ஒரே ஊரில் ஒரே நிறுவனத்தின் உறுப்பினர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். ஒருவர் எழுதும் கடிதத்துக்குக் கிடைக்காத பதில், பத்துப் பேர் கையெழுத்திட்டால் கிடைக்கும். எடைக்கல் தகராறிலிருந்து வரித் தகராறு வரை சங்கமாக நின்றே நாம் வழி கண்டிருக்கிறோம். இதில் மட்டும் ஏன் தனித்தனியாக நின்று கட்டிக்கொண்டிருக்க வேண்டும்?