பட்டன் கீபோர்டு ஸ்மார்ட்போன் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு கைகொடுக்குமா? வாங்கும் முன் இதைப் படிங்க!

ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டு, உங்க போன்ல ஆறு இலக்க ஓடிபி ஒன்றை டைப் பண்ணிப் பாருங்க. திரை முழுக்க ஒரே கண்ணாடி. 4 எங்கே இருக்கு, 7 எங்கே இருக்குன்னு விரலுக்குத் தெரியாது.

பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு இது தினசரி வேலை. தேடித் தேடி டைப் பண்றதுக்குள்ள ஓடிபி நேரம் முடிந்துவிடும். மறுபடி அனுப்பச் சொல்லணும். கடைசியில் "கொஞ்சம் போட்டுத் தாங்க" என்று பக்கத்தில் இருப்பவரிடம் போனை நீட்ட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் வங்கிக் கணக்கும் அவர் கையில்தான்.

அப்படியென்றால் நிஜ பட்டன்கள் உள்ள ஸ்மார்ட்போன் வாங்கினால் பிரச்னை தீருமா? பாதி தீரும். எந்தப் பாதி என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு காலத்தில் பட்டன்தான் ராஜா

பழைய நோக்கியா போன்களில் 5-ம் எண் மேல் ஒரு சின்ன மேடு இருக்கும், ஞாபகம் இருக்கா? அதைத் தொட்டால் மற்ற எண்கள் எங்கே என்று விரலே சொல்லிவிடும். சிம்பியன் போன்களில் 'டாக்ஸ்', 'மொபைல் ஸ்பீக்' போன்ற திரை வாசிப்பான்களைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டு, மெசேஜ் முதல் இணையம் வரை பார்வையற்றவர்கள் தாங்களாகவே பயன்படுத்தினார்கள்.

2009-ல் ஐபோன் 3ஜிஎஸ் மாடலில் 'வாய்ஸ்ஓவர்' வந்தது. விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று போனே பேசியது. அதே ஆண்டு ஆண்ட்ராய்டில் 'டாக்பேக்' வந்தாலும், திரையைத் தடவி அறியும் வசதி ஆண்ட்ராய்டு 4.0 வெளியான 2011-ல்தான் கிடைத்தது. அதுவரை டாக்பேக் பயன்படுத்த, கீபோர்டோ டிராக்பாலோ உள்ள போன்தான் தேவைப்பட்டது. இன்று நிலைமை தலைகீழ். தொடுதிரைப் போன்கள் குவிந்து கிடக்கின்றன, கீபோர்டு போன்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

தொடுதிரையில் டைப் செய்வதில் என்ன சிக்கல்?

திரை வாசிப்பான் ஓடும்போது எழுத்தின் மேல் விரலை வைத்தால் அதன் பெயரைச் சொல்லும். சரியான எழுத்து வரும்வரை விரலை நகர்த்தி, வந்ததும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் இதே கதைதான். பழகியவர்கள் வேகமாகவே செய்கிறார்கள், ஆனாலும் ஒரு நீண்ட மெயில் எழுதுவது பெரிய வேலை.

"வாயால சொன்னா டைப் ஆகிடுமே?" என்று கேட்கலாம். ஆகும்தான். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து பாஸ்வேர்டை சத்தமாகச் சொல்ல முடியுமா? ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்க மெயில் எழுத முடியுமா?

இன்னொரு வழி பிரெய்ல். 2020 ஏப்ரலில் டாக்பேக்கில் ஆறு விரல்களால் திரையிலேயே பிரெய்ல் தட்டும் வசதியை கூகுள் கொடுத்தது. ஐபோனில் அது 2014-லேயே வந்துவிட்டது. பிரெய்ல் தெரிந்தவர்களுக்கு இது அருமையான வசதி. ஆனால் நாற்பது, ஐம்பது வயதில் பார்வை இழந்தவர்களில் பலருக்கு பிரெய்ல் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது ஆபீஸில் தட்டிப் பழகிய குவர்ட்டி கீபோர்டுதான். உண்மையில் பட்டன் கீபோர்டு அதிகம் உதவுவது இவர்களுக்குத்தான்.

ஓரளவு பார்வை உள்ளவர்களுக்கும் ஒரு லாபம் உண்டு. திரையில் வரும் கீபோர்டு பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். நிஜ கீபோர்டு இருந்தால், எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க அந்த இடம் மிஞ்சும்.

சரி, கீபோர்டு போன் வாங்கலாமா?

இங்கேதான் கவனம் தேவை. பிளாக்பெர்ரி கீ2 (2018) போன்ற போன்கள் இன்னமும் செகண்ட் ஹேண்டில் விற்கின்றன. கீபோர்டு அருமை. ஆனால் அது ஆண்ட்ராய்டு 8-லேயே நின்றுவிட்டது. இன்னும் பழைய, பிளாக்பெர்ரியின் சொந்த மென்பொருளில் ஓடும் போன்களுக்கான சேவை 2022 ஜனவரி 4-ம் தேதியோடு முடிந்தது. ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, வங்கிச் செயலி ஓடவில்லை என்றால் என்ன பயன்?

புதிதாக வேண்டும் என்றால் யூனிஹெர்ட்ஸ் நிறுவனத்தின் டைட்டன் வரிசை இருக்கிறது. ஐபோனில் உறை மாதிரி மாட்டிக்கொள்ளும் 'கிளிக்ஸ்' கீபோர்டு 2024-ல் வந்தது.

குட்டி கீபோர்டுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. பிளாக்பெர்ரி பாணியில் எண்களுக்குத் தனி வரிசை கிடையாது. ஆல்ட் அழுத்தி டபிள்யூ தட்டினால் 1, டி தட்டினால் 5. இதை மனப்பாடம் செய்தால்தான் ஓடிபி போட முடியும்! கம்ப்யூட்டர் கீபோர்டில் எஃப், ஜே மேல் இருக்கும் மேடு இவற்றில் இருக்குமா என்பதும் மாடலைப் பொறுத்தது. இல்லாவிட்டால் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துக் காயவிட்டால் போதும்.

கீபோர்டால் தீராத பாதி

டைப் செய்வது சுலபமாகும், திரையில் நகர்வது சுலபமாகாது. இதுபோன்ற பல போன்களில் அம்புக்குறி பட்டன்களே இல்லை. ஆக, செயலிக்குள் ஒவ்வொரு இடமாகப் போக மறுபடியும் திரையைத் தடவத்தான் வேண்டும். சில செயலிகள் பின் நம்பருக்குத் தங்கள் சொந்த எண்பலகையைத் திரையில் காட்டும். அங்கே நிஜ பட்டன் வேலை செய்யும் என்று நம்பிப் போகாதீர்கள்.

செயலியை உருவாக்கியவர் பட்டனுக்குப் பெயர் வைக்கவில்லை என்றால் திரை வாசிப்பானுக்கும் அது என்ன பட்டன் என்று சொல்லத் தெரியாது. அது பணம் அனுப்பும் பட்டனா, ரத்து செய்யும் பட்டனா? எந்த கீபோர்டும் இதைச் சரிசெய்ய முடியாது, செயலி நிறுவனம்தான் சரிசெய்ய வேண்டும். டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியல் சாசனப் பிரிவு 21-ன் கீழ் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பளித்திருக்கிறது. கண் சிமிட்டச் சொல்லும் இ-கேஒய்சி முறையால் பாதிக்கப்பட்டவர்கள் தொடர்ந்த வழக்கு அது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி கேஒய்சி முறையை மாற்ற 20 உத்தரவுகள் பிறப்பிக்கப்பட்டன.

குறைந்த செலவில் வேறு வழி?

இருக்கிற போனுக்கே ஒரு ப்ளூடூத் கீபோர்டை இணைத்துப் பாருங்க. மேஜையில் உட்கார்ந்து அதிகம் எழுதுபவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். முழு அளவு, தனி எண் வரிசை, எஃப்-ஜே மேடு, அம்புக்குறி எல்லாம் இருக்கும். டாக்பேக்கின் வழக்கமான அமைப்பில் ஆல்ட்டும் வலது அம்பும் சேர்த்து அழுத்தினால் அடுத்த இடம், ஆல்ட்டும் என்டரும் அழுத்தினால் தேர்வு. முழுப் பட்டியல் டாக்பேக் செட்டிங்ஸில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் என்விடிஏ பழகியவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. நின்றுகொண்டே, பஸ்ஸில் தொங்கிக்கொண்டே டைப் செய்பவர்களுக்கு மட்டும் இது சரிவராது. கீபோர்டு போன் அவர்களுக்குத்தான்.

போன் வந்தால் எடுக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் பட்டன் போன் தேடுகிறீர்களா? அவசரப்படாதீங்க. புதிய டாக்பேக்கிலும் ஐபோனிலும் இரண்டு விரல்களால் திரையில் எங்கே வேண்டுமானாலும் இரண்டு முறை தட்டினால் அழைப்பை எடுக்கலாம்.

எதை வாங்குவதாக இருந்தாலும் கடையிலேயே செட்டிங்ஸில் 'ஆக்சஸிபிலிட்டி' போய் டாக்பேக்கை ஆன் செய்யச் சொல்லுங்கள். பட்டனைத் தட்டியதும் எழுத்தின் பெயர் காதில் விழுகிறதா, தமிழில் டைப் ஆகிறதா, உங்கள் வங்கிச் செயலி திறக்கிறதா? இந்த மூன்றையும் பார்த்துவிட்டு பில் போடச் சொல்லுங்க.