நொதியைக் கட்டிப்போடும் வித்தை

ஒரு துளி ரத்தத்தை ஸ்ட்ரிப்பின் நுனியில் வைத்ததும் மீட்டர் சர்க்கரை அளவைக் காட்டுகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் உழைப்பது ஒரு புரதம். பல ஸ்ட்ரிப்களில் அது குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி. ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்னும் கரும்பூஞ்சையிலிருந்து கிடைப்பது. ரத்தத்தில் எத்தனை பொருள்கள் கலந்திருந்தாலும் குளுக்கோசைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பறித்துவிடும். அவற்றை மின்முனையில் சேர்த்துவிட்டால், சர்க்கரை மின்னோட்டமாக அளக்கக் கிடைக்கும்.

லேலண்ட் கிளார்க், சாம்ப் லயன்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1962-இல் இந்த வழியைச் சொன்னார்கள். ஆக்சிஜன் மின்முனையின் மேல், சவ்வுக்குள் நொதியை அடைத்து வைப்பது அவர்கள் யோசனை. 1967-இல் அப்டைக்கும் ஹிக்ஸும் நொதியை பாலிஅக்ரிலமைடு ஜெல்லுக்குள் சிறைப்படுத்திக் காட்டினார்கள். கொசுவலை காற்றை விட்டுக் கொசுவைத் தடுப்பதுபோல, ஜெல் சிறிய குளுக்கோசை உள்ளே விடும்; பெரிய நொதியை வெளியே விடாது.

நொதியை வைத்துச் சென்சார் செய்யும் இத்துறையின் சிரமம் முழுவதும் இந்தக் கட்டிப்போடுதலில்தான் இருக்கிறது என்பேன். புரதம் மடிந்திருக்கும் விதத்தில்தான் அதன் வேலைத்திறன் அடங்கியிருக்கிறது. நொதியை மின்முனைமேல் சும்மா படியவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவப்பட்டுப் போய்விடும். குளுட்டரால்டிஹைடு என்னும் வேதிப்பொருளைப் போட்டு இறுகப் பிணைத்தால் நிலைத்து நிற்கும். பிணைப்பு மிஞ்சினாலோ நொதி விறைத்துச் செயலிழக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஸ்ட்ரிப்பில் இது அவ்வளவு உறுத்தாது. உடலிலேயே நாள்கணக்கில் இருக்க வேண்டிய சென்சாருக்கு இதுவே உயிர்ப் பிரச்சினை.

இன்னொரு சிக்கலும் உண்டு. எலக்ட்ரானைப் பறிக்கும் இடம் புரதத்தின் ஆழத்தில் புதைந்திருப்பதால், எலக்ட்ரான் நேராக மின்முனைக்குத் தாவ முடியாது. இயற்கையில் அதை வாங்கிக்கொள்வது ஆக்சிஜன்; அப்போது உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடை அளக்கலாம். ஆனால் அதற்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தில் பாராசிட்டமாலும் வைட்டமின் சி-யும்கூட எலக்ட்ரானை இழந்து அளவைக் கெடுக்கும். அதனால் 1984-இல் ஆய்வாளர்கள் ஆக்சிஜனின் வேலையை ஃபெரோசீன் சேர்மத்திடம் ஒப்படைத்தார்கள். ஆடம் ஹெல்லர் என்ற ஆய்வாளரின் குழு இன்னும் ஒரு படி மேலே போய், ஆஸ்மியம் பொதிந்த பாலிமர் ஜெல்லிலேயே நொதியைப் பிணைத்தது. நொதியைப் பிடித்து வைப்பதும் எலக்ட்ரானைக் கடத்துவதும் அதே ஜெல்தான். கையில் ஒட்டிக்கொண்டு சுமார் இரண்டு வாரம் சர்க்கரை பார்க்கும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சார் இந்த வழியில் வந்ததே. குறைந்த அழுத்தத்தில் இயங்குவதால் பாராசிட்டமால் தொல்லை அதில் பெரிதும் இல்லை. வைட்டமின் சி-யை அதிக அளவில் எடுப்பவர்களுக்கு மட்டும் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும்.