குறைமாதப் பிரசவத்தை ரத்தம் முன்கூட்டியே சொல்லுமா?

"கர்ப்பிணியிடம் கொஞ்சம் ரத்தம் எடுத்தால் போதும், குழந்தை குறைமாதத்தில் பிறக்குமா என்று சொல்லிவிடலாம்" என்கிற மாதிரியான செய்தி அவ்வப்போது கண்ணில் படுகிறது. இதில் எவ்வளவு உண்மை என்று பார்க்க, இதைப் பற்றிப் பரவலாகப் பேசப்பட்ட ஓர் ஆய்வை எடுத்துக்கொண்டேன். அதைப் படிக்கும்போது எழுதிவைத்த குறிப்புகள் இவை.

37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைமாதக் குழந்தை. 2020-ல் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்தன. அதாவது பத்தில் ஒன்று. இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம். ஐந்து வயதுக்குள் நடக்கும் குழந்தை மரணங்களுக்கு முதல் காரணமே இதுதான். ஆனால் யாருக்கு முன்கூட்டியே வலி எடுக்கும் என்பது பெரும்பாலும் கடைசி நேரம் வரை தெரிவதில்லை.

சரி, குழந்தையைப் பற்றி அம்மாவின் ரத்தத்தில் என்ன தெரியும்? ஆண் குழந்தையைச் சுமக்கும் பெண்ணின் ரத்தத்தில் ஒய் குரோமோசோமின் டி.என்.ஏ. துண்டுகள் மிதப்பதை 1997-ல் டென்னிஸ் லோ குழுவினர் காட்டினார்கள். அம்மாவிடம் ஒய் குரோமோசோம் கிடையாது. அப்படின்னா அது குழந்தை பக்கத்திலிருந்து வந்ததாகத்தானே இருக்க வேண்டும்?

டி.என்.ஏ. ஒரு சமையல் புத்தகம் மாதிரி. அதில் எல்லாக் குறிப்பும் இருக்கும். இன்றைக்கு அடுப்பில் என்ன வேகுது என்று தெரிய ஆர்.என்.ஏ.வைப் பார்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டின் ஸ்டீபன் குவேக்கும் டென்மார்க்கின் மாட்ஸ் மெல்பியும் சேர்ந்து அதைத்தான் செய்தார்கள். ஆய்வு 2018-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 31 டேனிஷ் பெண்களிடம் வாராவாரம் ரத்தம் எடுத்து, நஞ்சுக்கொடி சார்ந்த ஒன்பது மரபணுக்களின் ஆர்.என்.ஏ. அளவை வைத்தே எத்தனை வாரக் கர்ப்பம் என்று கிட்டத்தட்ட ஸ்கேன் அளவுக்குக் கணித்தார்கள். அடுத்து 38 அமெரிக்கப் பெண்களின் ரத்தம். அதில் ஏழு மரபணுக்கள், குறைமாதப் பிரசவத்தை இரண்டு மாதம் முன்பு வரை காட்டிக்கொடுத்தன. துல்லியம் 75 முதல் 80 சதவீதம்.

எண்பது சதவீதம்னா பிரமாதம் இல்லையா? இங்கேதான் கொஞ்சம் நிதானிக்கணும். அந்த 38 பேரும் ஏற்கெனவே ஆபத்து அதிகம் என்று தெரிந்தவர்கள். அவர்களில் 13 பேருக்குக் குறைமாதத்தில் பிறந்தது, அதாவது மூன்றில் ஒருவருக்கு. வெளியே பத்தில் ஒருவருக்குத்தான். இந்த வித்தியாசம் கணக்கையே மாற்றிவிடும்.

போட்டுப் பார்ப்போம். 1000 கர்ப்பிணிகள். 100 பேருக்குக் குறைமாதம், 900 பேருக்கு நிறைமாதம். இரண்டு பக்கமும் 80 சதவீதம் சரியாகச் சொல்லும் டெஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். அது 100-ல் 80 பேரைச் சரியாகப் பிடிக்கும். 900-ல் 180 பேரைத் தவறாகப் பயமுறுத்தும். "ஆபத்து" என்று சீட்டு வாங்கிய 260 பேரில் உண்மையில் குறைமாதத்தில் பெறப்போகிறவர்கள் 80 பேர்தான், 31 சதவீதம். மீதிப் பேர் நாலைந்து மாசம் தூக்கம் இல்லாமல் காத்திருப்பார்கள். "பயமில்லை" என்று அனுப்பிய 740 பேரில் 20 பேருக்கு முன்னாடியே பிறந்துவிடும்.

இதற்கு ஒரு காரணம், குறைமாதப் பிரசவம் ஒரே நோய் இல்லை. தொற்று, கருப்பை வாயின் நீளம் குறைந்திருப்பது, இரட்டைக் குழந்தை, ரத்தக்கொதிப்பு எனப் பல வழிகள் வந்து சேரும் இடம் அது. எல்லா வழிக்கும் ஒரே காவல்காரனை நிறுத்துவது கஷ்டம்.

தெரிந்த பிறகு என்ன செய்வது? இதுதான் பெரிய கேள்வி. முன்பு குறைமாதத்தில் பெற்றவர்களுக்கு வாராவாரம் போடும் 'மக்கேனா' ஊசிக்கு அமெரிக்கா 2011-ல் அனுமதி கொடுத்தது. பெரிய பரிசோதனையில் பலன் தெரியாததால் 2023-ல் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது.

ஆனாலும் கைவசம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. குழந்தையின் நுரையீரலைத் தயார் செய்யும் ஸ்டீராய்டு ஊசியின் பலனை நியூசிலாந்தின் லிக்கின்ஸும் ஹோவியும் 1972-லேயே காட்டிவிட்டார்கள். பிரசவத்துக்கு முந்தைய ஒரு வாரத்துக்குள் போட்டால் பலன் அதிகம். தேவையில்லாமல் திரும்பத் திரும்பப் போடுவது நல்லதில்லை. அதனால் "குறைமாதமா?" என்பதோடு "எப்போது?" என்று சொல்லும் டெஸ்ட் வந்தால் அதன் மதிப்பே வேறு. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை உள்ள ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போய்ச் சேரவும் அது உதவும்.

அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி வந்தால் மூன்று கேள்வி கேளுங்க. எத்தனை பெண்களிடம் பார்த்தார்கள்? அவர்கள் ஏற்கெனவே ஆபத்தில் இருந்தவர்களா? முடிவு தெரிந்த பிறகு சிகிச்சையில் என்ன மாறும்?

டெஸ்ட் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவை இரண்டு. முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு ஸ்கேன்; வாரக் கணக்கு சரியாக இருந்தால்தான் குறைமாதமா என்றே சொல்ல முடியும். முந்தைய குழந்தை மாதம் நிறையாமல் பிறந்திருந்தால், அதை முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுவது இன்னொன்று.