தோலைத் தேய்க்காதீங்க, வெளிச்சத்தைச் சரி பண்ணுங்க

ஃபேர்வெல் சீசன் வந்தாச்சு. டிபார்ட்மெண்ட் போட்டோ, இயர்புக், லிங்க்ட்இன் ப்ரொஃபைல்னு ஆளாளுக்கு போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கோம். கிளாஸ்ல போட்டோஷாப் தெரிஞ்சவங்க ஒருத்தர் இருந்தா போதும், "மச்சி, கொஞ்சம் ஸ்மூத் பண்ணிக் குடுடா"ன்னு மொத்த செக்‌ஷனும் அவங்க வாட்ஸ்அப்ல வந்து நிக்கும். அந்த ஒருத்தர் நீங்கன்னா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

அவசரத்துல நிறைய பேர் பிளர் போடுவாங்க, இல்லன்னா ப்யூட்டி ஃபில்டர் போடுவாங்க. ரெண்டே நொடியில முகம் வழவழன்னு ஆயிடும். கூடவே ஜவுளிக்கடை பொம்மை மாதிரியும் ஆயிடும். காரணம் நமக்குத் தெரிஞ்சதுதான். பிளர் என்பது பக்கத்துப் பிக்சல்களின் சராசரி, அதாவது ஒரு லோ பாஸ் ஃபில்டர். தோலில் இருக்கும் நுண்துளைகளும் பூனைமுடியும் ஹை ஃப்ரீக்வென்சி தகவல். முதல்ல காணாமல் போவது அவைதான். அவை இல்லாத தோலைக் கண் நம்பாது.

பிரச்சினை எங்கே இருக்கு?

ஒரு முகத்தை 100% ஸூம் பண்ணிப் பாருங்க. நம்மை உறுத்துவது பெரும்பாலும் துளைகள் இல்லை, திட்டுத்திட்டான வெளிச்ச வித்தியாசம். கண்ணுக்குக் கீழே ஒரு நிழல், கன்னத்தில் எண்ணெய்ப் பளபளப்பு, பரு வந்துபோன குழியில் ஒரு பக்கம் கருப்பு, எதிர்ப்பக்கம் வெளிச்சம். அப்போ தோலை அழிக்க வேண்டியதில்லை. இருட்டான இடத்தைக் கொஞ்சம் ஏத்தி, பளிச்னு இருக்கும் இடத்தைக் கொஞ்சம் இறக்கினால் போதும். முதல் வேலைக்கு டாட்ஜிங்னு பேர், ரெண்டாவதுக்கு பர்னிங்.

ரெண்டுமே ஃபிலிம் காலத்து டார்க்ரூம் வார்த்தைகள். என்லார்ஜர் வெளிச்சம் நெகட்டிவ் வழியா வந்து பேப்பரில் விழும். எங்கே அதிக வெளிச்சம் விழுதோ அங்கே பேப்பர் கறுக்கும். ஓர் இடம் வெளிறி வரணும்னா, கம்பியில் ஒட்டிய அட்டைத் துண்டால் வெளிச்சத்தை மறைப்பார்கள். கறுப்பா வரணும்னா, கையைக் குவித்து நடுவில் ஓட்டை விட்டு, அங்கே மட்டும் கூடுதல் வெளிச்சம் கொடுப்பார்கள். போட்டோஷாப்பில் டாட்ஜ் டூல் ஐகான் குச்சி மிட்டாய் மாதிரியும், பர்ன் டூல் ஐகான் குவித்த கை மாதிரியும் இருப்பது இதனால்தான். ஆன்செல் ஆடம்ஸ் 1941ல் எடுத்த ஹெர்னாண்டஸ் நிலவுப் படத்தைத் தேடிப் பாருங்க. பிற்காலப் பிரிண்டுகளில் வானம் அவ்வளவு கறுப்பா இருப்பதில் பர்னிங்குக்கு முக்கியப் பங்கு உண்டு.

செய்முறை

1. முதலில் புதுப் பரு, தூசி, முகத்தில் விழுந்த முடி மாதிரி தற்காலிகமான விஷயங்களை ஹீலிங் பிரஷ்ஷால் எடுத்துடுங்க.

2. மேலே ஒரு புது லேயர் போட்டு, 50% சாம்பல் நிறத்தால் நிரப்பி, மோடை சாஃப்ட் லைட் ஆக்குங்க. படம் மாறவே மாறாது, ஏன்னா சாஃப்ட் லைட்டுக்கு நடுச்சாம்பல் என்றால் பூஜ்யம். அந்தச் சாம்பலை 128லிருந்து 153க்கு ஏத்தினால், கீழே 102 ஆக இருந்த பிக்சல் சுமார் 114 ஆகும். 102க்கு இறக்கினால் அதே பிக்சல் சுமார் 90 ஆகும். ஒரிஜினல் லேயர் மேல் ஒரு புள்ளி கூட படாது. தப்பாப் போனால் அந்த இடத்தில் மறுபடி சாம்பல் அடிச்சாப் போதும். போட்டோஷாப் இல்லையா? இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலும் இதே முறை வேலை செய்யும்.

3. அதுக்கும் மேலே ஒரு பிளாக் அண்ட் வொயிட் அட்ஜஸ்ட்மெண்ட் லேயர் வைங்க. நிறம் போனதும் திட்டுகள் மட்டும் தனியாத் தெரியும். இது பார்வைக்கு மட்டும். கடைசியில் ஆஃப் பண்ணிடணும்.

4. மென்மையான வட்டப் பிரஷ், ஹார்ட்னஸ் 0, ஃப்ளோ 1 முதல் 3%. வெள்ளை அடிச்சா டாட்ஜ், கறுப்பு அடிச்சா பர்ன். பிரஷ் அளவு திட்டின் அளவுக்கு மேல் போகக் கூடாது. ஒரே அடியில் ஒண்ணும் தெரியாது, அதுதான் வேணும். அஞ்சாறு தடவை மெதுவாத் தடவும்போது திட்டு சுற்றியிருக்கும் தோலோடு கலந்துவிடும். ஃப்ளோ இவ்வளவு குறைவா இருப்பதால் சாதாரண மவுஸே போதும்.

5. ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஸூம் அவுட் பண்ணிப் பாருங்க. பக்கத்திலேயே இருந்தால் ஒவ்வொரு துளையும் குற்றவாளியாத் தெரியும்.

எல்லாம் முடிஞ்சதும் லேயர் ஓபாசிட்டியை 70%க்குக் குறைத்துப் பாருங்க. பல சமயம் அதுதான் நல்லா இருக்கும்.

நிறத்தில் கை வைக்காதீங்க

நம்ம ஊரில் "ஸ்மூத் பண்ணு"ன்னு சொன்னாலே "கொஞ்சம் கலராக்கு"ன்னு பாதிப் பேர் புரிஞ்சுக்கிறோம். 2020ல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பேரை க்ளோ அண்ட் லவ்லின்னு மாத்திக்கிச்சு. ஆனா எடிட்டிங்கில் அந்தப் பழக்கம் இன்னும் போகல. டாட்ஜ் பிரஷ் கையில் இருக்கும்போது மொத்தக் கன்னத்தையும் ஏத்திவிடும் ஆசை வரும்.

அதை டெக்னிக்கலாவும் செய்யக் கூடாது. சாஃப்ட் லைட்டில் மாநிறத் தோலை அதிகமா டாட்ஜ் பண்ணினால், சிவப்பு சேனலை விட நீல சேனல் வேகமா ஏறும். பழுப்பு நிறத்தின் உயிர் போய், தோல் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். வெள்ளையாகவும் ஆகாது, நல்லாவும் இருக்காது.

நம்ம பாஷையில் சொன்னால், சராசரி மாறக் கூடாது, வேரியன்ஸ் மட்டும் குறையணும். இதைச் சோதிச்சும் பார்க்கலாம். ஐட்ராப்பரின் சாம்பிள் அளவை 101க்கு 101 சராசரின்னு வைத்து, அதே கன்னத்தில் எடிட்டுக்கு முன்னும் பின்னும் எண்களைப் பாருங்க. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தால் நீங்க வெளிச்சத்தைத்தான் சரி பண்ணியிருக்கீங்க. எண் நல்லாவே ஏறியிருந்தால் ஆளையே மாத்தியிருக்கீங்க.

இதை உலகம் சும்மா விடவில்லை. நார்வேயில் 2022 ஜூலை முதல், விளம்பரப் படத்தில் உடல்வாகையோ அளவையோ தோலையோ மாற்றியிருந்தால் அதை அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். நம் இயர்புக்குக்குச் சட்டம் எதுவும் இல்லை. ஆனா இருபது வருஷம் கழிச்சு அதைத் திறந்து பார்க்கப் போவது அந்த முகத்துக்குச் சொந்தக்காரங்கதான்.

அதனால எடிட்டைத் தொடங்கும் முன்னாடி ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: "எதெல்லாம் அப்படியே இருக்கணும்?" மச்சம், சின்ன வயசுத் தழும்பு, அம்மைத் தடம் எல்லாம் எடுக்கணுமா வேண்டாமான்னு அவங்கதான் சொல்லணும். பொதுவான கணக்கு இது: ரெண்டு வாரத்தில் தானா மறையுறதை எடுக்கலாம், மறையாததைக் கேட்காம எடுக்கக் கூடாது.

இன்னிக்கு ராத்திரி உங்க சொந்த போட்டோ ஒண்ணுல ஆரம்பிங்க. ஒரு கன்னம் மட்டும் போதும், அரை மணி நேரம் ஆகும். அடுத்த நாள் காலையில அதை உங்க ரூம்மேட்கிட்ட காட்டுங்க. "என்ன பண்ணியிருக்க, ஒண்ணும் தெரியலையே"ன்னு சொன்னா, பாஸ்.