கையும் வாக்கும்

வேங்கிக்கால் சாலையோரத்தில் வேர்க்கடலை விற்பவன் ஒருவன் ஓட்டை நெரித்துப் பருப்பை எடுக்கின்றான். எதிர்ச்சுவரின்மேல், மலைப்பக்கத்திலிருந்து வந்த குரங்கொன்று அவன் விரல்களினின்றும் கண்ணை எடாமல் வீற்றிருக்கின்றது. திருவண்ணாமலையில் இது நித்தியக் காட்சியாதலின் நம்மில் எவரும் நின்று பார்ப்பதில்லை. ஆயினும் மனித பாஷையின் பிறப்பைக் குறித்த பெரிய வழக்கொன்று இதற்குள் அடங்கியிருக்கின்றதென்றால் நேயர்கள் வியப்படையக்கூடும்.

இத்தாலி தேசத்துப் பார்மா நகரில் ரிஸொலாட்டி என்னும் பண்டிதரும் அவர் சகாக்களும், கை ஒரு பொருளைப் பற்றும்போது மூளையில் எந்த நரம்பணுக்கள் துடிக்கின்றன என்று மகாக் குரங்குகளில் ஆராய்ந்துவந்தனர். நம் ஊர்க் குரங்கும் அந்த மகாக் குலத்ததே. குரங்கு தானே எடுக்கும்போது துடித்த அணுக்களிற் சில, மனிதன் எடுப்பதை அது சும்மா பார்த்திருந்தபோதும் துடித்தன. இதனை 1992-ல் அவர்கள் வெளியிட்டார்கள். கண்ணாடி நரம்பணுக்கள் என்ற பெயர் பின்னர் வழங்கலாயிற்று. கடலை ஓடு உடையும் ஓசையை மாத்திரம் கேட்டுத் துடிக்கும் அணுக்களும் உண்டென்று 2002-ல் தெரியவந்தது.

1998-ல் ரிஸொலாட்டியும் ஆர்பிப் என்பவரும் ஒரு படி மேலே சென்றனர். இவ்வணுக்கள் காணப்பட்ட பகுதி, மனித மூளையில் பேச்சுக்கு இன்றியமையாததென்று 1861-ல் புரோக்கா என்னும் பிரெஞ்சு வைத்தியர் காட்டிய பகுதிக்கு ஒத்தது. ஆதலின், செய்வோனுக்கும் பார்ப்போனுக்கும் பொதுவான பொருள் முதலிற் கையசைவில் உண்டாயிற்று. அதினின்று சைகையும், சைகையினின்று வாக்கும் வளர்ந்தன என்பது அவர்கள் வாதம். நம் பாஷையும் இதற்குச் சாட்சி சொல்வதுபோல் தோன்றும். விஷயம் விளங்கினால் 'பிடிபட்டது' என்கிறோம். கிரகித்தல் என்ற வடசொல்லுக்கும் பற்றுதலே முதற்பொருள். எனினும் இது அழகிய ஒற்றுமையேயன்றி ருஜுவாகாது.

இவ்வாதத்தை உலகறியப் பரப்பியவர் நம் தமிழ்நாட்டவர். அரசியல் சட்டத்தை வகுத்தோருள் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரரும், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்றவருமான டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன், உயிர் நூலுக்கு டி.என்.ஏ. எவ்வாறோ மன நூலுக்கு இவ்வணுக்கள் அவ்வாறாகும் என்று 2000-ல் எழுதினார். பெருமைதான். ஆயினும் நம்மவர் சொன்னார் என்பதற்காகவே ஒப்புக்கொள்ளுதல் தேசாபிமானமாகாது.

குறுக்கு விசாரணை செய்வோம். குரங்குக்கு இவ்வணுக்கள் உண்டு, பேச்சு எங்கே? புரோக்காவின் பகுதி சேதமுற்றுப் பேச இயலாதவர் பலர், பிறர் பேச்சைப் பெரும்பாலும் அறிந்துகொள்ளுகின்றனரே, அது எங்ஙனம்? அமெரிக்கப் பண்டிதர் ஹிக்கொக் 2009-லும், பின்னர் 2014-ல் தம் நூலிலும் இவ்வித ஆட்சேபங்களை அடுக்கினார். மனிதரில் நேராக அளந்த சோதனை 2010-ல் வெளிவந்தது. வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மின்கம்பி வைக்கப்பெற்ற 21 பேரிடம் இத்தகைய அணுக்கள் காணப்பட்டன. ஆனால் அளந்த இடங்கள் வேறு. புரோக்காவின் பகுதி அவற்றில் இல்லை. ஆகவே அணுக்கள் உண்டென்பது ருஜுவாயிற்று. அவை பாஷையைப் பெற்றெடுத்தன என்பது ஆகவில்லை. நமது தீர்ப்பு இதுவே.

இதனால் கையின் கட்சி தோற்றதென்று எவரும் எண்ண வேண்டுவதில்லை. 1902-ஆம் ஆண்டளவில் இம்மலையின் விரூபாக்ஷ குகையிலே மௌனமாயிருந்த ரமணர், சிவப்பிரகாசம் பிள்ளையின் வினாக்களுக்குச் சைகையாலும் எழுத்தாலுமே விடையளித்தார். அவர் பாஷையறிந்து வாய் திறவாதவர். காது கேளாதார் செய்தியோ இன்னும் வன்மையுடையது. இடப்பக்க மூளை பழுதுற்ற காது கேளாதவர் சிலர் தம் சைகைமொழியை இழந்தும், பாவனையாய்க் கைகாட்டும் திறனை இழக்கவில்லை என்பது 1987-ல் ஒரு நூலாகவே வெளிவந்தது. அவர்கள் மொழி வெறுங் கையாட்டமன்று, இலக்கணமுடைய பாஷை. நிகராகுவா நாட்டில் 1970-களின் இறுதி தொட்டுப் பள்ளியில் ஒன்றுகூடிய காது கேளாத சிறுவர்கள், எவரும் கற்பியாமலே அத்தகைய பாஷையொன்றைத் தாமே ஆக்கிக்கொண்டனர்.

அங்ஙனமிருந்தும் 1880-ல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மகாநாடு, பள்ளிகளினின்று சைகையை நீக்கத் தீர்மானித்தது. அத்தீர்மானங்களை நிராகரிக்க 2010 வரை, 130 ஆண்டு சென்றது! பிள்ளை கையை ஆட்டினால் வாய் திறவாது என்ற அச்சத்தால் பெற்றோரே அதன் கையைப் பிடித்து அடக்குவதை நாம் கண்டிருக்கின்றோம். பார்மாவின் வழக்கு எவ்விதம் முடியினும் அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, இப்பிள்ளைகளுக்குத் தகுந்த பாஷையிற் கல்வி வேண்டுமென்கின்றது. 17-ஆம் பிரிவு சைகைமொழி அறிந்த ஆசிரியரைப் பயிற்றி நியமிக்கக் கூறுகின்றது. நம் தாலுகாவில் காது கேளாத பிள்ளை படிக்கும் பள்ளிகள் எத்தனை, அவற்றில் அம்மொழி அறிந்த ஆசிரியர் எத்தனை பேர்? ஜில்லாக் கலெக்டர் கச்சேரி இந்த வேங்கிக்காலிலேயே இருக்கின்றது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் இவ்விரண்டு கேள்விகளையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்கலாம். அதற்கு வக்கீல் வேண்டியதில்லை.